தூக்கா, ஆயுளா

என் அண்ணனைக் கொன்றவரை நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அதனால் எங்கள் வீட்டில் அவர் கோடிவீட்டுக்காரர். கொலைக்குப் பிறகும் அவரை அவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அண்ணி அதற்குப் பிறகு அவரை ஒருநாளும் அவர் என்று சொன்னதில்லை.

அண்ணனும் அவரும் கூட்டாகச் சாயப்பட்டறை நடத்தினார்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு என்னைக் கேட்டார்கள். முறைதான், தெரிந்த இடம்தான், எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அண்ணனுக்கு மனசில்லை. மனசில்லை என்று சொல்லி விட்டிருக்கலாம். பட்டறையில் வேலையாட்கள் நின்றிருக்கும்போது, கோடிவீட்டுக்காரரின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, அந்த வயிற்றில் பிறந்தவனுக்கு என் தங்கச்சியா என்று கேட்டுவிட்டான். அந்த அம்மாள் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர் பதில் பேசாமல் வீட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டு வேளை கழிந்து திரும்பி வந்தார். அண்ணன் கொதிக்கிற அண்டாவின் பக்கத்தில் குனிந்து பட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து கழுத்தில் வெட்டு விழுந்தது. அரக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. ஓடிப்போய்ப் பார்த்த எனக்கு எது சாயம் எது ரத்தம் என்று தெரியவில்லை. அவரே நடந்துபோய் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு முழுவதும் அந்த மதியச் சாப்பாட்டைச் சுற்றியே ஓடியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, கொடுவாளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான், இது ஆத்திரத்தில் செய்த காரியமல்ல என்றார் அரசு வக்கீல். கோடிவீட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, கூண்டில் ஏறி, "சோத்துல கை வெச்சாரு, ஒரு வாய் கூட எடுக்கலைங்க, எழுந்துட்டாரு" என்றாள். அவள் சொன்னது எடுபடவில்லை. தூக்கு என்று தீர்ப்பானது. மதராஸ் ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. வேலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று, நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பா நெடுநாளைக்குப் பிறகு தறியில் உட்கார்ந்தார். நாலு பேர் வந்து, நியாயம் கிடைச்சுது என்றார்கள். அவர் தலையசைத்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும், கோடி வீட்டில் மட்டும் கேட்காது. அந்த அக்கா விடிவதற்கு முன்னாலேயே குழாயடிக்கு வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு நடை பழகிய ஒரு பெண் குழந்தை. எங்கள் அண்ணிக்கும் ஏறக்குறைய அதே வயதில் ஒரு மகன். இரண்டு குழந்தைகளும் தெருவில் ஒன்றாக மண்ணில் உட்கார்ந்து விளையாடியவை. இப்போது ஒன்று வாசலுக்கு வந்தால் இன்னொன்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் தெருப் பிள்ளையார் கோயில் உற்சவத்தில் வாசகசாலைப் பையன்கள் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, தூக்குத் தண்டனை தேவையா இல்லையா என்பது. கெட்ட எண்ணத்தில் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஊர் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தது, அவர்களுக்கும் அது பேசத் தகுந்த விஷயமாகப் பட்டிருக்கும். இங்கே நடந்ததை யாரும் மேடையில் எடுக்கமாட்டார்கள் என்று நைனாவிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஒலிபெருக்கியைக் கட்டியது எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில். கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்து விழும்.

விளக்கு வைத்த நேரத்தில் ஆரம்பித்தது. தேவை என்று பேசியவர் வெளியூர் ஆசிரியர். நல்ல கட்டையான குரல். "ஓர் உயிரைத் திட்டமிட்டு எடுத்தவனுக்கு மூன்று வேளை சோறும், படுக்கப் பாயும், காவலுக்கு ஆளும் கொடுக்க வேண்டுமா? செத்தவனுக்கு யார் சோறு போடுகிறார்கள்? பயம் இருந்தால்தான் நாளைக்கு இன்னொருவன் கை ஓங்க மாட்டான்" என்றார். கைதட்டல் கேட்டது. எதிர்த்துப் பேசியவர் ஒரு இளம் வக்கீல். "பயம் தடுக்கும் என்றால் இத்தனை காலமாகத் தூக்குமேடை இருந்தும் ஏன் கொலை நிற்கவில்லை? சாட்சி தப்பாகப் பார்த்திருந்தால், நீதிபதி தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், போன உயிரை யார் திருப்பித் தருவது? ஒருவன் ஆத்திரத்தில் செய்ததை அரசாங்கம் ஆற அமர, தேதி குறித்து, காலையில் குளிக்கவைத்துச் செய்கிறது. எது பெரிய கொடுமை?" என்றார். அதற்கும் கைதட்டல்.

இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டன. அதுதான் பயமாக இருந்தது. நைனா தறிமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை.

மறுபடி அந்த ஆசிரியர் எழுந்தார். பேச்சு வேகத்தில், "ஏன், இதே ஊரில், இதே தெருவில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து வெட்டிய கதை உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு எழுந்தாள். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். புருஷன் செத்து வருஷம் திரும்பாத பெண் கூட்டத்துக்கு நடுவே வருவதைப் பார்த்து ஜனங்கள் தானாக வழிவிட்டார்கள். மேடைக்குக் கீழே போய் நின்றாள். நடுவர் வயசானவர், அவருக்கு யார் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறீங்க" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவனைத் தூக்குல போடலைன்னா ஒருநாள் வெளிய வருவான் இல்ல? அப்போ எம்மவனுக்கு மீசை வந்திருக்கும். இதே தெருவுல ரெண்டு பேரும் இருப்பாங்க. அன்னிக்கு என்ன ஆவும்னு யாராவது சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் மைக்கின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு. கோடிவீட்டு அக்கா, முக்காடு போட்டுக்கொண்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் புருஷனுக்காக யாராவது பேசுவார்கள் என்று கேட்க வந்திருப்பாள். எழுந்து, யாரையும் பார்க்காமல், மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணி அவள் போவதைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது. அந்தக் குழந்தை தாயின் தோளுக்கு மேலாக எங்களையே பார்த்துக்கொண்டு போயிற்று.

தீர்ப்பை ஒத்திவைக்கிறேன் என்று நடுவர் சொன்னார். பிறகு அந்தத் தீர்ப்பு சொல்லப்படவே இல்லை.

அதற்குச் சில நாள் கழித்துக் கோடிவீட்டுக்காரரின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பேசிய மாப்பிள்ளை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"மாமா, கருணை மனு போட்டிருக்கோம். ஊர்ல நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. செத்தவங்க வீட்டுலயே ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா அதுக்குத்தான் மதிப்புன்னு வக்கீல் சொல்றாரு. விடுதலை பண்ணச் சொல்லல மாமா. உசுரு மட்டும் இருக்கட்டும்னு கேக்கறோம்."

நைனா அவரைப் பார்க்காமல், "எம்மவன் உசுரைக் கேட்டு நான் யார் வாசல்ல நிக்கறது?" என்றார்.

"தப்புதான் மாமா. இல்லைன்னு சொல்லல."

"போயிட்டு வா. வீட்டுல பேசறேன்."

அவர் போன பிறகு நடந்த பேச்சு இப்போதும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் எதற்கும் இப்படி விவாதம் செய்ததில்லை.

அம்மாதான் முதலில் பேசினாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. ரெண்டு பேரும் எங்கையால சாப்ட்டு வளந்தவங்க. ஒருத்தன் போய்ட்டான். இன்னொருத்தனையும் நானே அனுப்பணுமா? அவனைத் தொங்கவிட்டா எம்புள்ள எழுந்து வரப்போறானா?"

"எழுந்து வரமாட்டான்" என்றார் நைனா. "அதுக்காக விட்டுட்டா, வெட்டினாலும் ஒண்ணும் ஆவாதுன்னு ஆயிடும். எம்மவன் உசுருக்கு ஒரு மதிப்பு இருக்குதுன்னு எவனாவது சொல்லணும் இல்ல? கோர்ட்டு சொல்லிச்சு. அதைப் போயி நான் வேணாம்னு சொல்லணுமா?"

"சொன்ன வார்த்தை உங்க மவன் சொன்னதுதானே? செத்துப்போன பொம்பளையைப் பத்தி."

நைனா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அண்ணன்மேலும் குற்றம் உண்டு என்று எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மகன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தை, எனக்கு அவன் மேல இருக்கிற கோவத்துல சொல்லல. கோவம் இருக்குது, அது வேற. அவன் தூக்குல போய்ட்டா எம்புள்ள தப்பிச்சிடுவான். உசுரோட இருந்தா, இவன் வளர வளர ஊரு இவனைப் பாத்துக்கினே இருக்கும். உன் நைனாவை வெட்டினவன் நல்லாத்தானே இருக்கான்னு ஒருத்தன் கேப்பான். ரெண்டு பேர் சிரிப்பாங்க. ஒருநாள் இவன் கொடுவாளை எடுப்பான். அப்புறம் இவனைக் கொண்டுபோயி வேலூர்ல வெப்பாங்க. நான் போயி எவன் வாசல்லயோ நிப்பேன்."

"அவனைத் தொங்கவிட்டா அந்தப் பொண்ணு நம்மளை மறந்துடுமா?" என்றாள் அம்மா.

"அது பொண்ணு அத்தை."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். பட்டறையில் பார்த்த அந்தக் கழுத்து என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் கதவு நிலையில் கை வைத்து நின்றவரின் முகமும் போகவில்லை.

நைனா கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. தம்பிக்காரர் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார். அந்த நாட்களில் நைனா நெய்த புடவையில் இழை தப்பியிருந்தது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இத்தனை வயதில் அவருக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. "போடாம இருக்கறதும் நானே கயிறு இழுக்கற மாதிரிதான் இருக்குது" என்று ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு நாள், கோடிவீட்டு அக்கா பட்டப்பகலில் குழாயடிக்கு வந்தாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம். பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. தூக்கை ஆயுளாகக் குறைத்துவிட்டார்கள். எதற்காகக் குறைத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் குடம் நிறையும் வரை தலைநிமிராமல் நின்றாள். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, மகனின் துணிகளை ஒரு பையில் வைத்தாள். மறுநாள் தென்னேரியில் அவள் தாய்வீட்டில் அவனை விட்டுவிட்டு வந்தாள்.

அவன் அங்கேயே பள்ளிக்கூடம் போனான். பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் வருவான். ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பொங்கலுக்கு வந்தபோது, நான் பாவுக்கு நூல் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அவரு எப்ப வருவாரு?" என்றான்.

"எவரு?"

"ஜெயில்ல இருக்காரே."

எனக்குக் கை நின்றுவிட்டது. தெரியாது என்றேன். அடுத்த பொங்கலுக்கும் கேட்டான். அதற்கடுத்ததற்கும். தாயை ஒருமுறையும் கேட்டதில்லை. சாதாரணமாகத்தான் கேட்பான், பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல. நான் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஏரியில் நீந்தி அவன் தோள் அகன்றுகொண்டே போவதை ஒவ்வொரு லீவிலும் அவள் பார்ப்பாள். மற்ற தாய்மார்கள் மகன் வளர்வதைப் பார்க்கும் பார்வை அல்ல அது.

என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. என் பெயரோடு ஒரு கொலை ஒட்டியிருந்தது. நைனா காலமானார். அண்ணியும் நானும் தறியில் உட்கார்ந்தோம். மகன் படிப்பை முடித்துவிட்டு எங்களிடமே திரும்பி வந்து, வாலாஜாபாத் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவருக்குக் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார். பேசலாமா என்று தயங்கி, பிறகு கிட்ட வந்தார்.

"அண்ணனை அடுத்த மாசம் விடறாங்களாம்மா. உங்க வீட்டுல தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்."

அண்ணியிடம் சொன்னேன். அவள் தறியை விட்டு எழுந்தாள். பட்டிமன்றத்துக்கு நடந்த அதே நடை. இத்தனை காலத்தில் ஒருமுறையும் போகாத கோடி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அந்த அக்கா எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் மகள் பெரியவளாகி, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தாள்.

"அவன் இங்க வரவேணாம்" என்றாள் அண்ணி.

"அவரு இந்தத் தெருவுக்குத்தான் வருவேன்னு சொல்றாரும்மா. உங்க அத்தை கால்ல விழணுமாம்."

"விழவும் வேணாம், எம்மவன் அதைப் பாக்கவும் வேணாம். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன் அக்கா. எங்கயாவது கூட்டிக்கினு போயிடு."

அந்த அக்கா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அந்த வீட்டை அவள் தனியாகக் காப்பாற்றியிருந்தாள். தெரு முழுவதும் முகம் திருப்பிக்கொண்ட காலத்திலும் அதைவிட்டு நகராதவள்.

"நான் மட்டும் பயப்படாமலா இருக்கேன்?" என்றாள் கடைசியில். "உங்க புள்ளை குழாயடி வழியா போறப்பல்லாம் அவன் கையைத்தான் பாக்கறேன். ஆரணியில எங்க சித்தப்பா இருக்காரு. போயிடறோம்."

அவர் விடுதலையாகி நேரே ஆரணிக்குப் போனார். எங்கள் தெருப் பக்கம் கால் வைக்கவில்லை. கோடி வீடு பூட்டிக் கிடந்தது. ஆபத்து போய்விட்டது என்று நாங்கள் மூன்று பெண்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணியின் மகன் சினேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க புள்ளையாண்டான் ஆரணி பஸ்ல ஏறினானே, அங்க யாரு இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். அண்ணி தறியில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள். அவர் போனதும் நான் பின்கட்டுக்குப் போய், விறகு பிளக்கும் கொடுவாள் கதவிடுக்கில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அந்தப் பக்கம் போய்விட்டு வந்தாள். பிறகு அண்ணி போனாள். மூன்று பேரும் பார்த்தோம் என்பது மூன்று பேருக்கும் தெரியும். இருந்தும் பயம் போகவில்லை. கடையில் வேறு கொடுவாளா கிடைக்காது?

சாயங்காலம் வந்தான். தோட்டத்துக்குப் போய்க் கைகால் கழுவினான். அண்ணி அவன் சட்டையை முன்னும் பின்னும் பார்த்தாள். அழுக்குத்தான் இருந்தது.

"எங்கடா போன?"

"ஆரணிக்கு."

அம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, தானாகவே சொன்னான்.

"பாத்தேன். வாசல்ல உக்காந்துக்கினு இருந்தாரு. தலை முழுக்க நரைச்சிருக்குது. யாரு தம்பின்னு கேட்டாரு. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்னேன். உடனே எழுந்து நின்னுட்டாரு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. கைய ரெண்டையும் தொங்கவிட்டுக்கினு அப்படியே நின்னாரு, செய்யறதைச் செஞ்சிக்கோன்ற மாதிரி. அவரு பொண்ணு உள்ளேர்ந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னுச்சு. வந்துட்டேன்."

"எதுக்குடா போன?" என்றாள் அண்ணி.

"தெரியலம்மா. பாக்கணும்னு இருந்துது."

"மறுபடி போவியா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தெரியல."

அதற்குப் பிறகு அண்ணி நிம்மதியாக இருந்த ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அவன் லாரியில் கிளீனராகி வெளியூர் போக ஆரம்பித்தபோது, எந்த வழியாகப் போகிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் ஆரணி என்று அவன் சொன்ன நாளில் வீட்டில் யாரும் பேசமாட்டோம். அவன் மறுபடி அந்த வாசலில் போய் நின்றானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தூக்கா ஆயுளா என்று யாராவது விவாதம் செய்து கேட்டால், அன்றைக்கு ஒலிபெருக்கியில் கேட்டதுபோலவே இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகப் படுகிறது. அண்ணி பயந்தது நடக்கவில்லை. நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இளமை முழுவதும் ஆயிற்று. அம்மா கேட்ட உயிர் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஆரணியில் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சில வருஷம் கழித்து ஒரு காலை, தம்பிக்காரர் வந்து நின்றார். இந்த முறையும் உள்ளே வரவில்லை.

"அண்ணன் நேத்து காலமாயிட்டாரு. முறைன்னு ஒண்ணு இருக்குது, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அண்ணி நிலைப்படிக்கு வந்தாள்.

"எப்படி?" என்றாள்.

"நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம்."

"ஒடம்பு சரியில்லாமதானே?"

"ஆமாம்மா."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேன். அவரு பொண்ணு இருந்துது."

அண்ணி திரும்பி உள்ளே பார்த்தாள். முந்தின நாள்தான் லாரியிலிருந்து இறங்கி வந்த மகன், கூடத்தில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி தம்பிக்காரர் பக்கம் திரும்பி, "ஒடம்பு சரியில்லாமதானே?" என்று இன்னொரு முறை கேட்டாள்.